பூட்டிய ஸ்டேடியத்தில் ஒரு ஃபைனல்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். 2020 பிப்ரவரி 29 அன்று அங்கே சென்னையின் எஃப்சி, கோவா அணியை 4-1 என்று புரட்டி எடுத்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து ஃபதோர்டாவில் ஃபைனல். கொரோனா பயத்தில் ரசிகர்களை உள்ளேயே விடவில்லை. ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. வால்ஸ்கிஸ் அடித்த கோலுக்குக் கைதட்ட கேலரியில் ஆளில்லை!

இந்திய அணிக்கு நஷ்டம் இதைவிடப் பெரிது. மார்ச் 26ல் புவனேஸ்வரில் கத்தாருடன் ஆடவேண்டிய உலகக்கோப்பை தகுதிப் போட்டி தள்ளித் தள்ளிப் போய், 2021 ஜூன் 3 அன்று தோஹாவிலேயே நடந்தது. 0-1 தோல்வி. 2019ல் அதே தோஹாவில் 0-0 என்று மல்லுக்கட்டிய அணி, நம்மூர்க் கூட்டத்தின் முன்னால் என்ன செய்திருக்குமோ?

நேரு ஸ்டேடியத்துக்கு ஐஎஸ்எல் திரும்பியது 2022 அக்டோபரில்தான்.