நன்கொடையாளர் பதிவேடு

சிறு அறக்கட்டளைகளும் சங்கங்களும் தமக்குக் கொடை அளிப்போரைப் பற்றித் தொடர்ந்து பேணும் குறிப்பேடு. பெயர், முகவரி, தொகை, தேதி, ரசீது எண், பணம் வந்த வழி ஆகியவை இதில் இடம்பெறும்.

இந்தியாவில் 2021–22 நிதியாண்டு முதல் இது சட்டத் தேவையும் ஆனது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பிரிவின் அனுமதி பெற்ற அமைப்புகள், கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடி மூலம் மே 31க்குள் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டியதாயிற்று. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பணம் வாங்கும்போதே பான் எண்ணைக் கேட்டு எழுதாதவர்கள் மே மாதத்தில் தொலைபேசியும் கையுமாக அல்லாடுவார்கள்.

ஆனால் வரிக்கணக்கோடு நின்றுவிடும் பதிவேடு அரைப் பதிவேடுதான். யார் அறிமுகம் செய்தார், தந்தையின் நினைவுநாளுக்காகக் கொடுத்தாரா, மகளின் பிறந்தநாளுக்கா, கடைசியாக அவரிடம் பேசியது யார், எப்போது என்ற குறிப்புகளே உறவை வளர்ப்பவை. சில நூறு பேர் வரை எக்செல் தாளே போதும். மென்பொருளுக்குச் செலவிடுவது வீண். ஒருவரே இரண்டு பெயர்களில் பதிவாகாமலிருக்கக் கைபேசி எண்ணை அடையாளமாகக் கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கொடைக்குத் தனிக் கணக்கேடு வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அத்தொகை பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வரவு வைக்கப்பட வேண்டும்.