புதிய கீபோட்டும் பழைய கீர்த்தனையும்



இந்த ஆண்டு நமது சபைக்குப் புதிய கீபோட் ஒன்று வாங்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். பெட்டியைப் பிரித்த சனிக்கிழமை மாலை, பாடல் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். 61 கட்டைகள். ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய பாரம். கட்டையை மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், அழுத்தித் தொட்டால் உரக்கவும் ஒலிக்கிறது. பியானோ, வயலின், புல்லாங்குழல், பைப் ஓர்கன் என்று நூற்றுக்கணக்கான ஒலிகள் உள்ளே இருக்கின்றன. இடது கையால் ஒரு கோர்ட் பிடித்தால் போதும்; ட்ரம்ஸ், பேஸ் கிற்றார், தந்திவாத்தியங்கள் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொள்கின்றன. இப்படி ஒருவரையே ஒரு முழு இசைக்குழுவாக்கும் கருவியை 'அரேஞ்சர் கீபோட்' என்கிறார்கள்.

மறுநாள் ஆராதனையில் முதல் பாடல் மிக நன்றாக அமைந்தது. இரண்டாவதாக வந்தது சாபு தாளத்தில் அமைந்த ஒரு பழைய கீர்த்தனை. அந்தத் தாளத்துக்கு ஏழு எண்ணிக்கை. கீபோட்டில் இருந்த ஸ்டைல்களோ நான்கும் மூன்றுமாகவே போகின்றன. வாசித்த தம்பி நாலு எண்ணிக்கை ஸ்டைல் ஒன்றைப் போட்டார். ஏழாக வரவேண்டிய இடமெல்லாம் எட்டாக நீண்டது. இரண்டாம் சரணத்துக்குள் முன்வரிசையில் இருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். கீபோட் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு அம்மம்மா சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருந்தது தம்பி. ஆனா நாங்கள் நுழையிறதுக்கு இடம் இருக்கேல்லை."

அந்த வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. ஆலயத்துக்குள் ஒரு புதிய கருவி வரும்போது இப்படி நடப்பது இது முதல் தடவை அல்ல. நாம் வாழும் இந்த ஜேர்மனிக்கும் நமது தமிழ்ப் பாடல்களுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பும் உண்டு. அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1706ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள்

1706 பெப்ரவரியில், தூரிங்கன் பகுதியிலுள்ள ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில் ஒரு இளம் ஓர்கன் வாசிப்பவரைத் திருச்சபை மன்றத்தினர் அழைத்து விசாரித்தார்கள். சபையார் பாடும் ஞானப்பாட்டுகளுக்கு அவர் விசித்திரமான மாற்றங்களைச் சேர்த்து வாசிப்பதால் பாடுகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்போது 20 வயதாக இருந்த அந்த இளைஞரின் பெயர் யோகான் செபஸ்தியான் பாக். பின்னாளில் உலகமே போற்றிய இசைமேதைக்கே சபையார் நுழைய இடம் விட்டு வாசிக்கும்படி சொல்ல வேண்டியிருந்தது! நமது தம்பிமார் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

அதே ஆண்டு ஜூலை 9ஆம் திகதி பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்றிக் புளூட்சோ என்ற இரண்டு ஜேர்மன் ஊழியர்கள் தமிழகத்தின் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டினரிடம் இருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அவர்களை அனுப்பியிருந்தார். சீகன்பால்க் சக்சனியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் படித்தவர். அவர் தமிழ் கற்றார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுள் யோகான் பிலிப் பப்ரீசியுஸ் பல ஜேர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். சொற்கள் தமிழ், மெட்டுகள் ஜேர்மன். இன்றும் நாம் அவற்றைப் பாடுகிறோம். அதனால்தான் பக்கத்து ஜேர்மன் சபையாரோடு சேர்ந்து ஆராதிக்கும் நாட்களில், இரு மொழியினரும் ஒரே மெட்டைத் தத்தம் மொழியில் பாட முடிகிறது.

தாளம் நம்முடையதான கதை

ஆனால் தமிழருக்கென்று ராகமும் தாளமும் உண்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஜேர்மன் போதகர். சாஸ்திரியார் 1864இல் மறையும்வரை ஏராளமான பாடல்களை இயற்றினார். அவரது 'பெத்லகேம் குறவஞ்சி' 1800இல் எழுதப்பட்டது. தஞ்சாவூர் அரசவை கர்நாடக இசைக்குப் பேர்போன காலம் அது. அந்த ராகங்களிலும் தாளங்களிலும் அவர் இயேசுவைப் பாடினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பொது ஆராதனைக்கான கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும் இடம்பெற்றன. இப்படியாக ஞானப்பாட்டும் கீர்த்தனையும் நமது ஆராதனையின் இரண்டு கைகளாயின.

பிள்ளைகளே, உங்கள் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாடலின் தலைப்பில் ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். ஆனால் ஸ்வரங்கள் பெரும்பாலும் இருக்காது. மெட்டு புத்தகத்தில் இல்லை; பாடுகிறவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. இதை மறக்காதீர்கள்.

ஆர்மோனியம் வந்தது

ஆலயத்தில் கீர்த்தனைக்குத் துணையாக வந்த கருவிகளில் மிகவும் பழகிப்போனது ஆர்மோனியம். அது இந்தியக் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் உயிர் உள்ளே இருக்கும் சிறிய உலோக நாக்கு. ரீட் என்று சொல்வோம். காற்றுப் பட்டதும் அது அதிர்ந்து ஒலிக்கும். சீனாவின் பழைய வாய் ஓர்கனில் இந்த முறை நெடுங்காலமாக இருந்தது. ஐரோப்பாவில் கிறிஸ்தியான் கொட்லிப் கிரட்சன்ஸ்டைன் என்பவர் குழாய்களையும் இத்தகைய நாக்குகளையும் கொண்டு மனிதக் குரலின் உயிரெழுத்து ஒலிகளை உண்டாக்கிக் காட்டி, 1780இல் பரிசு பெற்றார். அவரும் ஜேர்மனியில் பிறந்து, சீகன்பால்க்கைப் போலவே ஹாலேயில் படித்து, பின்னர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பேராசிரியராக இருந்தவர்!

1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் 'அக்கோடியன்' என்ற கருவிக்கு உரிமம் பெற்றார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முழுக் கோர்ட் ஒலித்தது. கோர்ட்டுக்கு ஜேர்மன் மொழியில் 'அக்கோட்'. அதிலிருந்தே கருவியின் பெயர் வந்தது. ஒரு விரலால் பல சுரங்களை எழுப்பும் இன்றைய கீபோட்டுக்கு இதை ஒரு பாட்டன் என்று சொல்லலாம். 1842இல் பாரிசில் அலெக்சாண்டர் டெபைன் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது நாற்காலியில் இருந்து காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி. மிஷனரிமாருடன் கப்பலேறி நமது நாடுகளுக்கு வந்தது. தரையில் சப்பணம் கட்டியிருந்து பாடும் நமது வழக்கத்துக்கு அது பொருந்தவில்லை. ஆகவே கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றவர்கள் துருத்தியைப் பின்புறம் வைத்து, கையால் இயக்கும் சிறிய பெட்டியாக அதை மாற்றினார்கள். இடது கை துருத்திக்கு, வலது கை பாட்டுக்கு. இப்படித்தான் அது நம்முடையதாயிற்று.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. ஆர்மோனியத்தின் சுரங்கள் கட்டைக்குக் கட்டை தனித்தனியாக நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கியும் அசைந்தும் செல்லும் கமகம் அதில் வராது. இதனால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971வரை அந்தத் தடை நீடித்தது. தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவ இசையறிஞர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில், சுரங்களுக்கு இடையிலுள்ள இந்த நுண்ணிய சுருதிகளைத்தான் விரிவாக ஆராய்ந்தார்.

அப்படியிருந்தும் ஆலயங்களில் ஆர்மோனியம் நிலைத்தது. ஏன்? அது காத்திருக்கத் தெரிந்த கருவி. சபையார் ஒரு வரியில் உருகி நின்றால், வாசிப்பவரும் துருத்தியைத் தாங்கிப்பிடித்து நின்றார். அவர்கள் மூச்சு எடுத்தால், பெட்டியும் மூச்சு எடுத்தது.

ஓர்கனிலிருந்து கீபோட்டுக்கு

1887இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில், ஒரு பாடசாலையின் ரீட் ஓர்கன் பழுதடைந்தது. அதைத் திருத்தக் கூப்பிடப்பட்டவர் தொராகுசு யமஹா. திருத்தியதோடு நில்லாமல் தாமே ஒன்று செய்தார். அதைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து, மலைகளைக் கடந்து, தோக்கியோவிலிருந்த இசைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். சுதி சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனம் சோராமல் அங்கேயே சுதி சேர்க்கும் முறையைக் கற்று, மீண்டும் செய்தார். இன்று உலகமெங்கும் கீபோட் விற்கும் யமஹா நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. ஆகவே ஆர்மோனியமும் கீபோட்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் ஓர்கனுக்குத் துணையாகத் தானாகத் தாளம் போடும் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் தாளமும் கோர்ட்டும் ஒரே கருவிக்குள் வந்தன. ஜேர்மனியில் இதற்குப் பெரிய வரவேற்பு. கலியாணங்களிலும் ஊர் விழாக்களிலும் தனி ஒருவராக நின்று பாடி வாசிக்கும் கலைஞரை இங்கே 'அல்லைன்உன்டர்ஹால்டர்' என்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றபடி இக்கருவிகளில் வால்ஸ், போல்கா, டிஸ்கோபொக்ஸ் எல்லாம் நிறைந்திருக்கின்றன. இந்தியச் சந்தைக்கென்று தபேலா, தம்பூரா ஒலிகளோடு வரும் கீபோட்டுகளும் உண்டு. ஆனால் இங்குள்ள கடைகளில் அவை எளிதில் கிடைப்பதில்லை. நாம் வாங்கியது ஜேர்மன் விழாவுக்குத் தைத்த சட்டை. நமது உடம்புக்குச் சற்றுத் திருத்தித்தான் போடவேண்டும்.

நாம் செய்யத் தொடங்கியிருப்பது

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் இந்த நாட்டுக்கு வந்த நமது மூத்தவர்களில் பலர், வாத்தியம் எதுவும் இல்லாத முகாம் அறைகளிலும் வீட்டு மண்டபங்களிலும் கைதட்டியே பாடினார்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் ஆர்மோனியம் இல்லை. ஆனால் தொண்டையில் மெட்டு இருந்தது. அந்த மெட்டுகளில் சிலவற்றை இன்று நமது சபையில் மூன்று நான்கு பேர் மட்டுமே முழுமையாக அறிவர்.

ஆகவே பாடகர் குழுவினரும் மூத்தவர்களும் சேர்ந்து பேசினோம். ஆதி தாளப் பாடல்களுக்கு நாலு எண்ணிக்கை ஸ்டைல் பொருந்தும். ரூபகத்துக்கு மூன்று எண்ணிக்கையை மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம். சாபு தாளக் கீர்த்தனை வந்தால் ஸ்டைலை நிறுத்திவிட்டு, சுருதியும் மெட்டும் மட்டும் வாசிப்பது. பிள்ளைகள் 'தகிட, தகதிமி' என்று மூன்றும் நாலுமாகக் கைதட்டிப் பழகுவது. வாசிப்பவர் கீபோட்டின் சிறுதிரையைப் பாராமல் பாடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது. மூத்தவர்களுக்குச் சுதி உயரமாக இருந்தால், ஒரு பொத்தானை அழுத்தி இறக்கிக் கொடுப்பது. இதில் புதிய கீபோட் பழைய ஆர்மோனியத்தைவிட எவ்வளவோ உதவியானது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீபோட்டிலுள்ள ஒலிப்பதிவு வசதியைக்கொண்டு மாதம் ஒரு கீர்த்தனையாக மூத்தவர்களின் பாடலைப் பதிந்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

சென்ற மாதம் அதே கீர்த்தனையை மீண்டும் பாடினோம். ட்ரம்ஸ் இல்லை. தம்பி வலது கையால் மெட்டையும் இடது கையால் சுருதியையும் வாசித்தார். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் ஏழு எண்ணித் தட்டினார்கள். இரண்டு இடத்தில் பிசகியது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரும் வாயை மூடவில்லை.

நூற்றைம்பதாம் சங்கீதம் எக்காளம் முதல் கைத்தாளம்வரை பல கருவிகளை வரிசையாகச் சொல்லுகிறது. கீபோட்டுக்கும் அந்த வரிசையின் கடைசியில் ஓரிடம் உண்டு என்று நம்புகிறோம். ஆனால் அந்தச் சங்கீதம் முடிவது கருவியில் அல்ல, சுவாசமுள்ளவர்களில். அந்தச் சுவாசத்துக்கு இடம்விட்டு வாசிக்க நமது பிள்ளைகளுக்குக் கர்த்தர் கிருபை தருவாராக.