ஆப் ஸ்டோர் கட்டுப்பாடும் இசைச் சேவைப் போட்டியும்

ஆப் ஸ்டோர் என்பது ஐபோனில் செயலிகளை நிறுவுவதற்காக ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் திறந்த இணையக் கடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் வரை ஐபோன் செயலிகளுக்கு ஆப்பிள் அனுமதித்த வேறு கடை இல்லை. செயலிக்குள் விற்கப்படும் சந்தாக்களுக்குப் பொதுவாக முதலாண்டில் 30 விழுக்காடும், 2016இல் வந்த திருத்தப்படி அடுத்த ஆண்டுகளில் 15 விழுக்காடும் கமிஷன் உண்டு. 2015 ஜூன் 30 அன்று ஆப்பிள் மியூசிக் வெளியானபோது, கடையின் உரிமையாளரே ஸ்பாட்டிஃபை, டீசர் போன்ற இசைச் சேவைகளுக்குப் போட்டியாளரும் ஆனார். இதனால் எழுந்த வழக்கில் பலரும் கமிஷன் விகிதத்தையே பேசினர். ஆனால் போட்டியை ஆழமாகக் கெடுத்தது வேறொரு விதி: குறைந்த விலைக்கு வெளியே வாங்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்ற தடை.

ஐரோப்பாவில் ஸ்பாட்டிஃபையின் மாதச் சந்தா 9.99 யூரோவாக இருந்தது. ஆப்பிளின் கட்டண முறையை ஏற்றபின், கமிஷனை ஈடுகட்ட, ஐபோன் செயலிக்குள் அது 12.99 யூரோ ஆனது. ஆப்பிள் மியூசிக் 9.99 யூரோவுக்கே கிடைத்தது. ஸ்பாட்டிஃபை தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பாடல் உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. இன்னும் 30 விழுக்காடு கடைக்குப் போனால் கையில் ஏறக்குறைய எதுவும் தங்காது. எனவே 2016இல் அது செயலிக்குள் சந்தா விற்பதை நிறுத்தியது. அதன்பின் இலவசமாகப் பாட்டு கேட்டவர் கட்டணச் சேவைக்கு மாற நினைத்தால், இங்கே மாற முடியாது என்ற அறிவிப்பைத்தான் கண்டார். விலை, இணையதள இணைப்பு, வாங்கும் வழி எதையும் செயலியால் காட்ட முடியவில்லை. ஸ்பாட்டிஃபை 2019 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் அளித்தது. 2023 பிப்ரவரியில் ஆணையம் கட்டண முறை பற்றிய குற்றச்சாட்டைக் கைவிட்டு, இந்தத் தகவல் தடையை மட்டும் எடுத்துக்கொண்டது. 2024 மார்ச் 4 அன்று விதித்த அபராதம் 180 கோடி யூரோவுக்கும் மேல். அதில் அடிப்படைத் தொகை சுமார் 4 கோடி யூரோதான்; மற்றது, இத்தகைய நடத்தை மறுபடி நிகழாதிருக்கச் சேர்க்கப்பட்டது.

ஸ்பாட்டிஃபைதான் ஐரோப்பாவின் மிகப் பெரிய இசைச் சேவை, பிறகு பாதிப்பு எங்கே என்று ஆப்பிள் கேட்டது. அதன் வளர்ச்சி உண்மைதான். ஆனால் கூடுதல் விலை கொடுத்தவரும், வழி தெரியாமல் விலகியவரும் வாடிக்கையாளர்கள். போட்டிச் சட்டம் காக்க வேண்டியது அவர்களை. மேலும் ஸ்பாட்டிஃபை விளம்பரத்துக்குச் செலவழிக்க வல்லது. சிறிய சேவைகளுக்குத் தங்கள் செயலியைவிட்டால் வாடிக்கையாளரிடம் பேச வேறு இடம் அரிது. கடையைக் கட்டிக் காப்பவர் கூலி கேட்பது நியாயமே என்பது இரண்டாவது வாதம். கூலியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாடகைக் கார், துணிமணி விற்கும் செயலிகளும் அதே பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் கடைக்கு வருகின்றன; அவற்றின் விற்பனையில் ஆப்பிள் கமிஷன் பெறுவதில்லை. ஆகவே பாதுகாப்புச் செலவு கமிஷனுக்கே முழுக் காரணமாகாது. விலையை மறைப்பதற்கோ அது காரணமே ஆகாது.

தடையை நீக்கினால் கடை குலையும் என்ற அச்சத்துக்கு அமெரிக்கா பதில் தந்தது. விளையாட்டுச் செயலி நிறுவனமான எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, வெளி இணைப்புகளைத் தடுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. சில நாள்களிலேயே ஸ்பாட்டிஃபை தன் அமெரிக்க ஐபோன் செயலியில் விலையையும் இணைப்பையும் காட்டியது. ஆப் ஸ்டோர் வழக்கம்போல் இயங்கியது. கமிஷன் எவ்வளவு என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. போட்டியாளர் தன் விலையைச் சொல்லலாமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய எந்தச் சட்டமும் இடம் தரக் கூடாது.