பத்திரம் யார் பெட்டியில்?

பெரியபுராணத்தில் ஒரு கல்யாணம் ஓர் ஓலையால் நின்றுபோகிறது. புத்தூரில் மணக்கோலத்தில் இருக்கும் நம்பியாரூரரிடம் கிழவர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இது என்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்துக் காட்டுகிறார். சபையோரும் லேசில் நம்பவில்லை. பாட்டன் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மணமேடையில் விடப்பட்ட பெண்ணைப் பற்றி யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள். காப்பியத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. சடங்கவி சிவாசாரியாரின் மகள், அவ்வளவுதான். அந்த ஓலையில் அவள் சம்பந்தப்பட்டது ஒன்றும் கிடையாது. ஆனால் அது யார் காவலில் இருந்தது என்பது அவள் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது.

பத்திரம் என்ற சொல்லே வேடிக்கையானது. ஏடு, ஆவணம் என்ற பொருளில் வருவது வடமொழியில் ஒரு சொல்; பாதுகாப்பு, நலம் என்ற பொருளில் வருவது வேறொரு சொல். தமிழ் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘பத்திரத்தைப் பத்திரமா வை’ என்று வீட்டில் சொல்கிறோம். எங்கே வைப்பது, யார் வைப்பது என்பதில்தான் பெண்களின் சொத்து வரலாறு கிடக்கிறது.

சூரமங்கலத்தில் ஒரு பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜங்ஷனைச் சுற்றியுள்ள ரயில்வேக் குடும்பங்கள், சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப்பட்டறைக் குடும்பங்கள், பள்ளி ஆசிரியைகள் என்று பதினைந்து இருபது வருடம் தவணை கட்டி வீட்டுக்கடனை முடித்தவர்கள் இங்கே நிறைய. கடன் முடிந்தது, பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வங்கியில் சொன்னால் சில பெண்கள், “அங்கயே கெடக்கட்டும் சார்” என்கிறார்கள். ஊட்டுக்கு வந்தால் பையன் கண்ணில் படும், பங்காளி கண்ணில் படும், மறுபடி ஏதாவது ஒரு கடைக்கோ பைனான்சுக்கோ போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் இதற்குள் ஒரு நீண்ட சட்ட அனுபவம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

பத்திரத்தைக் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும் என்ற ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1783இல் ரஸ்ஸல் வழக்கில், கடன்காரர் தன் வீட்டுப் பத்திரங்களைக் கடன் தந்தவரிடம் ஒப்படைத்ததே அடமானத்துக்குப் போதும் என்று லார்டு தர்லோ தீர்ப்பளித்தார். அது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வழியாக இங்கே நுழைந்தது. நம் ஊர் ஒத்தியிலும் போக்கியத்திலும் கடன் கொடுத்தவன் நிலத்தையே, வீட்டையே அனுபவித்தான். புது ஏற்பாட்டில் வீடு இருந்த இடத்தில் இருக்கும், காகிதம் மட்டும் கைமாறும். எழுத்துகூடத் தேவையில்லை, கடனுக்கு ஈடாக என்ற எண்ணத்தோடு கொடுத்தால் போதும். அதே 1882இல்தான் மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. இந்தியாவுக்கு அடமானச் சட்டம் வந்தது. மற்றது அப்படியே வரவில்லை.

ஆனால் இந்தச் சலுகை எல்லா ஊருக்கும் இல்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற வணிக நகரங்களுக்கும், பின்னால் அரசு அறிவித்த ஊர்களுக்கும் மட்டுந்தான். அதில் ஒரு விநோதம்: வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பத்திரத்தை எங்கே ஒப்படைத்தோம் என்பதே கணக்கு. சேலம் அந்தப் பட்டியலில் சேரும்வரை, சூரமங்கலத்து வீட்டின் பத்திரத்தைச் சேலத்தில் கொடுத்தால் சட்டப்படி அடமானமாகாது. அதே பத்திரம் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அங்கே ஒப்படைக்கப்பட்டால் அடமானமாகும். வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குத் தன் தலைக்கு மேலுள்ள கூரை அடமானத்தில் இருப்பது தெரியவே வேண்டியதில்லை. பதிவு இல்லாததால் வில்லங்கச் சான்றிலும் ஏறாது.

அந்தக் காலத்துப் பெண்ணிடம் அடமானம் வைக்க என்ன இருந்தது என்று கேட்கலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது, ஆனால் ஆயுள்வரைக்கும் மட்டும். விவசாய நிலம் அதில் வராது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் சேர்க்கச் சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆயுள் உரிமைக்காரி அடமானம் வைத்தால், அவசியத் தேவைக்குத்தான் வைத்தாள் என்பதைக் கடன் கொடுத்தவன் நிரூபிக்க வேண்டும். ஆகவே அவள் செத்தபின் யாருக்குச் சொத்துப் போகுமோ அந்த ஆண்களையும் கையெழுத்துப் போடச் சொல்வான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த வரம்பை எடுத்தது. எடுத்த கையோடு 23ஆம் பிரிவு என்று ஒன்றை வைத்தது: குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் தாமாகப் பாகம் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. பங்கு உண்டு, கேட்க முடியாது! 2005 வரை இது சட்டமாக இருந்தது.

செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். தமிழ்நாடு மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது 1989 மார்ச்சில், அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டவளை விட்டுவிட்டு. சரியாக 60 ஆண்டுகள். என் தலைமுறையில் பல அக்காமார் அந்தத் தேதிக்கு முந்திய முகூர்த்தத்தால் பங்கை இழந்தார்கள்.

அப்பா வழியில் கிடைக்காத வீடு, கணவன் வாங்கி மனைவி பெயரில் எழுதிய வீடாகச் சிலருக்கு வந்தது. இங்கேதான் பத்திரம் யார் பெட்டியில் என்ற கேள்வி சட்டக் கேள்வியாகிறது. இங்கிலாந்தில் மனைவி, மகன் பெயரில் ஒருவர் சொத்து வாங்கினால், அவர்களுக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இந்தியாவில் அந்த அனுமானம் இல்லை என்று பிரிவி கவுன்சில் 1854இல், தகப்பன் மகன் பெயரில் வாங்கிய ஒரு சொத்து வழக்கில் சொன்னது. பிறகு மனைவிக்கும் அதே கணக்கே போடப்பட்டது. காகிதத்தில் பெயர் இருந்தாலும் அவள் பினாமியாக இருக்கலாம்.

பினாமியா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1973இல் ஜெயதயாள் பொத்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறு அடையாளங்களைச் சொன்னது. பணம் யாருடையது, சொத்து யார் அனுபவத்தில் இருந்தது, அப்படி வாங்கியதற்கு நோக்கம் என்ன, இருவருக்கும் என்ன உறவு என்று போகும் அந்த வரிசையில் ஐந்தாவது: கிரயத்துக்குப் பின் பத்திரங்கள் யார் காவலில் இருந்தன? ஆறாவது, அதன்பின் சொத்தை யார் ஆண்டார். இதைப் படிக்கும்போது நம் வீட்டுப் பீரோக்களை நினைத்துப்பாருங்கள். வீட்டில் யார் பெயரில் எந்தக் காகிதம் இருந்தாலும் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கும். சாவி அப்பாவின் அரைஞாணில் அல்லது அண்ணனின் வண்டிச் சாவியோடு இருக்கும். குடும்ப ஒற்றுமை என்று நாம் நினைத்த அந்த ஏற்பாடு, வழக்கு வந்தால் அவளுக்கு எதிரான சாட்சி.

1988இல் வந்த பினாமிச் சட்டம், மனைவி அல்லது மணமாகாத மகள் பெயரில் வாங்கியதை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அவர்கள் நலனுக்காக வாங்கியதாகவே கொள்ளச் சொன்னது. 2016 திருத்தத்தில் அந்த அனுமானம் போய்விட்டது. கணக்கில் காட்டிய பணத்தைக் கொண்டு கணவன் மனைவி பெயரில் வாங்குவது பினாமிக்கு வெளியே வைக்கப்பட்டது. ஆக, அது என் வீடுதான் என்று அவன் திரும்ப வழக்காட வழி திறந்தது. இப்போது 2025 ஏப்ரல் முதல், பெண் பெயரில் 10 லட்ச ரூபாய் மதிப்புக்குள் பதிவு செய்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. (சூரமங்கலத்தில் அந்தத் தொகைக்கு எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை.) சலுகைக்காகப் பெயர் அவளுடையதாகும். பெட்டி மாறுமா?

இந்தப் பின்னணியில் கடன் கொடுத்தவரின் பெட்டகம் ஒரு நடு இடம். அவள் பெயரில் கடன், அவள் பெயரில் ஒப்படைப்பு, அவள் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. இருபது வருடமாக அந்தக் காகிதத்தைக் கணவனும் மகனும் தொடவில்லை. இங்கிலாந்திலும் கடன் முடிந்தபின், பத்திரம் சங்கத்தின் காப்பறையிலேயே இருக்கட்டும் என்று சிறு தொகையைப் பாக்கியாக விட்டுவைக்கும் பழக்கம் இருந்தது. நிலப்பதிவு கணினிக்குப் போனதும் காகிதத்துக்கு மதிப்புக் குறைந்து, அவை வீட்டுக்கு அனுப்பப்பட்டன. நம் ஊரில் காகிதத்தின் மதிப்பு ஏறித்தான் இருக்கிறது. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாமல் சொத்தைப் பதிய முடியாது என்று 2022இல் தமிழ்நாட்டில் ஒரு பதிவு விதி வந்தது. தொலைந்துபோனால் காவல்துறைச் சான்று, பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும். அந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் மூலப்பத்திரம் இல்லாத வீட்டை வாங்க வருபவர் விலையைக் குறைப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்காது.

அதற்காக விட்டுவைப்பதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 1964இல் கே.ஜே.நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரம் ஏற்கனவே கடன் தருபவர் கையில் இருந்தால் அதைத் திரும்ப வாங்கித் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை, இனி இது புதுக் கடனுக்கு ஈடு என்ற உடன்பாடு போதும் என்றது. கடன் முடிந்தும் கிடக்கும் பத்திரத்தின் மேல் இன்னொரு கடன் ஏறுவதற்கு ஒரு கையெழுத்து போதும். மகன் தொழிலுக்கென்று அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கியும் நிரந்தரமல்ல. 1925இல் தொடங்கிய சேலம் வங்கி 1960களில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. அண்மையிலும் எத்தனை பெயர்ப்பலகைகள் மாறின! கிளை மாறும்போது கட்டுகளும் மாறும். தனியார் வட்டிக்காரரிடம் புரோநோட்டோடு சேர்த்துக் கொடுத்த பத்திரமோ, ரசீதே இல்லாமல் போனது.

சட்டம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பத்திர ஒப்படைப்பு ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் அப்படிப் பதிந்த அடமானம் வில்லங்கத்தில் தெரியும். கடன் முடிந்ததும் ரசீது ஆவணம் பதிந்தால்தான் அது நீங்கும். பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பலர் இந்த ரசீதை மறந்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பர் 13இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: தனிநபர், வீட்டுக் கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் எல்லா மூல ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், தாமதம் கடன் தந்தவரால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும், தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையது, அதற்கு மேலும் 30 நாள் அவகாசம். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் எப்படிக் கொடுப்பது என்ற நடைமுறையையும் வெளியிட்டு வைக்கச் சொன்னது. நல்ல விதி. ஆனால் அந்த வாரிசுகள் கவுன்டருக்கு வரும்போது, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் அங்கே இருக்கிறாளா, “நீ எதுக்கு அலையற, நாங்க வாங்கிக்கிறோம்” என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டானா என்பது சுற்றறிக்கைக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கடன் முடிந்து பத்திரத்தை வாங்கிய அன்றே வங்கியில் தன் பெயரில் மட்டும் லாக்கர் கேட்டார். தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு என்ற 2021ஆம் ஆண்டு விதியையும் விசாரித்துக்கொண்டார். “வீட்டுக்காரர் பேரையும் சேர்த்துக்கலாமே மேடம், நீங்க வர முடியாதப்ப அவர் வந்து தொறந்துக்கலாம்” என்றார் எழுத்தர். “அதுக்குத்தாங்க தனியாக் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு, நாமினி கட்டத்தில் மகள் பெயரை எழுதினார்.