காஹாங் விமானத் திடலும் சிங்கப்பூர் முற்றுகையும்

மதிலை வளைத்துக் கொள்பவன் செயலை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பவன் செயலை நொச்சி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். 1942-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிகழ்ந்ததும் உழிஞையும் நொச்சியுமே. மதிலுக்குப் பதிலாக ஜொகூர் நீரிணை இருந்தது. வேலுக்கும் வாளுக்கும் பதிலாகப் பீரங்கிக் குண்டு இருந்தது. அக்குண்டு இரு தரப்பாரிடமும் குறைந்துகொண்டே வந்தது என்பதும், யாரிடம் முதலில் தீரும் என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானித்தது என்பதும் பலர் எண்ணிப் பாராத செய்தி. அதனை ஆராயப் புகுவார் சிங்கப்பூரிலிருந்து தொடங்குவதினும், ஜொகூரின் உட்பகுதியிலுள்ள காஹாங் என்னும் சிற்றூரிலிருந்து தொடங்குவது தகும்.

காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் உள்ள ஊர். ரப்பர்த் தோட்டங்களும் காடும் சூழ்ந்த இவ்விடத்தில் போருக்கு முன்பே ஆங்கிலேயர் ஒரு விமானத் திடல் அமைத்தனர். கோத்தா பாரு, குவாந்தான், காஹாங் ஆகிய கிழக்குப் பகுதித் திடல்களுக்கு இடம் தேர்ந்தவர்கள் விமானப் படையினர். அவற்றைத் தரையில் நின்று காக்க வேண்டிய படையினரை அவர்கள் கலந்து கொள்ளவில்லை. வீட்டைக் கட்டியவன் ஒருவன், காவலுக்குப் பொறுப்பானவன் மற்றொருவன் என்றால் அவ்வீட்டின் நிலை யாதாகும்?

திடல் இருந்தது, விமானம் எங்கே? 1941 முடிவதற்குள் 336 விமானங்களை மலாயாவில் நிறுத்துவது என்று 1940-இல் இலண்டனில் முடிவு செய்தனர். ஆனால் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் போர் தொடங்கியபோது இருந்தவை 158 மட்டுமே. அவற்றுள்ளும் பல பழையவை. டாங்கி ஒன்றுகூட இல்லை. பெட்டிகளில் அடைக்கப்பட்ட 51 ஹரிக்கேன் விமானங்கள் வந்து சேர்ந்தபோது 1942 ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குள் கோலாலம்பூர் வீழ்ந்துவிட்டது. ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் போர் நடந்தமையால் மலாயாவின் பங்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பது உண்மையே. எனினும் பட்டியலில் எழுதிய விமானம் வானில் பறப்பதில்லை.

ஜப்பானியர் நிலை என்ன? தளபதி யாமஷிடா மூன்றே டிவிஷன்களோடு வந்தார். மேலும் ஆட்களைப் பெற வாய்ப்பிருந்தும், அவர்களுக்கு உணவும் குண்டும் கொண்டுவர இயலாது என்று கருதி மறுத்தார். அலோர் ஸ்டார் முதலிய திடல்களில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பெட்ரோலும் வெடிகுண்டும் அவர்க்குப் பயன்பட்டன. ஆனால் கைப்பற்றிய பொருள் எல்லாக் குறையையும் தீர்க்காது. ஜப்பானியக் காலாள் ஏந்திய துப்பாக்கி பெரும்பாலும் 6.5 மில்லிமீட்டர் குழல் உடையது. ஆங்கிலேயர் தோட்டாவோ 7.7 மில்லிமீட்டர். பகைவனின் அரிசியை உண்ணலாம். அவன் தோட்டாவைத் தன் துப்பாக்கியில் இட இயலாது. ஆகவே தன் குண்டு தன் நாட்டிலிருந்தே வரவேண்டும்.

இங்குதான் காஹாங் வரலாற்றில் இடம் பெறுகின்றது. 1942 ஜனவரி 26-ஆம் நாள் எண்டாவ் கழிமுகத்துக்கு ஜப்பானியக் கப்பல்கள் வந்தன. காஹாங், குளுவாங் திடல்களை இயக்க வேண்டிய பணியாளரும் அவற்றுக்கு வேண்டிய பொருள்களும் அவற்றில் இருந்தன. அவை கரையேறினால் சிங்கப்பூர் மிக அண்மையில் வந்துவிடும் என்பதை ஆங்கிலேயர் உணர்ந்தனர். உணர்ந்தும் அனுப்புவதற்கு அவர்களிடம் பெரும்பாலும் இருந்தவை வில்டபீஸ்ட் என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்களே. கடல் ஆழமின்மையால் டார்ப்பிடோ பயன்படாது என்று வெடிகுண்டை ஏற்றினர். பட்டப்பகலில் இரண்டு முறை சென்றனர். பத்து வில்டபீஸ்டுகள் வீழ்ந்தன. கப்பல்கள் சில அடிபட்டன. ஆயினும் பொருள் கரையேறியது. அன்றிரவு தடுக்கச் சென்ற தானெட் என்னும் போர்க்கப்பலும் மூழ்கியது. ஆங்கிலேயர் தாம் அமைத்த திடல்களைப் பகைவர் பயன்படுத்தாமல் தடுக்கவே உயிர் கொடுத்தனர் என்பது இந்நிகழ்ச்சியின் கொடுமை.

ஜனவரி 31-ஆம் நாள் ஜொகூர்ப் பாலம் உடைக்கப்பட்டது. முற்றுகை தொடங்கியது. அரணுக்குள் குண்டுக் குறை இருவகையாகத் தோன்றிற்று.

முதலாவது, தக்க குண்டு இன்மை. சிங்கப்பூர்ப் பீரங்கிகள் கடலை நோக்கியே நின்றன, திரும்பவே இயலவில்லை என்று இன்றும் கூறுவர். இஃது முழு உண்மையன்று. சுல்தான் இப்ராகிம் 1935-இல் வழங்கிய ஐந்து இலட்சம் பவுன் கொடையின் நினைவாக ஜொகூர்ப் பெயர் தாங்கிய சாங்கிப் பீரங்கி அணியில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று இருந்தன. அவற்றுள் இரண்டு நிலப்பக்கமும் திரும்பிச் சுட்டன. குறை குண்டில் இருந்தது. அங்கிருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென வார்த்தவை. அவை மண்ணில் ஆழப் புதையுமேயன்றிப் பரந்து வெடித்துக் காலாட்படையைத் தடுப்பதில்லை.

இரண்டாவது, இருந்த குண்டையும் பூட்டி வைத்தமை. முற்றுகை மூன்று மாதம் நீடிக்கும் என எண்ணிய தளபதி பெர்சிவல், 25 பவுண்டுப் பீரங்கி ஒன்றுக்கு நாளைக்கு 20 குண்டு என்று அளவு விதித்தார். சிக்கனம் நற்பண்பே. ஆனால் பகைவன் நீரிணைக்கு அப்பால் படகுகளைத் திரட்டும் நாளில் சிக்கனம் காட்டி, அவன் கரையேறிய பின் செலவிடுவது எவ்வகை அறிவு? மூன்று மாதத்திற்கெனச் சேமித்த அரண், பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு தாக்கப்பட்டு ஒரே வாரத்தில் வீழ்ந்தது.

யாமஷிடாவோ இதற்கு மாறாக நடந்தார். பிப்ரவரி நடுவில் அவரது பீரங்கிக் குண்டும் தீரும் நிலைக்கு வந்தது. அவர் படை ஏறத்தாழ முப்பதாயிரம். எதிரே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். போர் நீடித்தால் தோல்வி தமக்கே என அவர் அறிந்திருந்தார். அறிந்தே, குறையை மறைக்கத் தாக்குதலைக் கடுமையாக்கினார். தம் தாக்குதல் வெறும் பாசாங்கே என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 15 காலையில் கேனிங் கோட்டையில் கூடிய ஆங்கிலத் தளபதிகள் முன் தங்கள் குறைகளே நின்றன: குடிநீர் ஒரு நாளைக்குமேல் நிச்சயமில்லை, விமான எதிர்ப்புக் குண்டு ஏறக்குறைய இல்லை, பெட்ரோலும் அற்பமே. நகரில் நெருங்கியிருந்த மக்களையும் எண்ண வேண்டியிருந்தது. தம் குறையைத் துல்லியமாகக் கணக்கிட்டவர்கள் பகைவனின் குறையை அறிய இயலவில்லை. அன்று மாலை புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தனர்.

தளவாடக் கதை தமிழராகிய நமக்கு எதற்கு எனலாம். பர்மாவிலிருந்த தம் படைக்கு உணவும் குண்டும் அனுப்பக் கடல்வழி பாதுகாப்பில்லை எனக் கண்ட ஜப்பானியர், சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தனர். 1943-இல் அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டவருள் தமிழர் பல்லாயிரவர், திரும்பாதவரும் பல்லாயிரவர். ஒரு படையின் தளவாடக் குறையை, துப்பாக்கியே ஏந்தாத நம் பால்மரத் தொழிலாளர் தம் உயிரால் நிரப்பினர்.

திருக்குறளின் அரண் அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேண்டும் பொருளெல்லாம் உடையதாய், உற்றவிடத்து உதவும் வீரரையும் உடையதே அரண் என்று கூறிய வள்ளுவர் அத்துடன் அமையவில்லை. எத்துணை மாட்சி இருப்பினும் செயல்திறம் இல்லாதவரிடத்து அஃது அரணாகாது என்றே அவ்வதிகாரத்தை முடித்தார். வராத விமானம், பொருந்தாத குண்டு, காலமறிந்து செலவிடாத சேமிப்பு ஆகிய மூன்றும் அம்முடிவுக்கு உரையாய் நிற்கின்றன. காஹாங் வழியே மெர்சிங் செல்வோர், சாலையோரத்து அச்சிற்றூரை இனி வெறும் வழியூராகக் கருதார் என நம்புகின்றோம்.