மேல்வரியின் கீழே: தமிழ்த் தொடக்கப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி நூல்கள் வந்த வழி

திண்ணைப் பள்ளியில் எழுதப் பழகுவதற்கென்று நூல் எதுவும் இருக்கவில்லை. பரப்பிய மணலில் விரலால் எழுத்தை இழுத்துக்கொண்டே பிள்ளை அதன் ஒலியை உரக்கச் சொல்லும். கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஆசிரியர் ஓலையின் மேலே ஒரு வரி எழுதிக் கொடுப்பார்; மாணவன் அதைப் பார்த்து எழுதிப் பழகுவான். மேல்வரிச் சட்டம் என்று வழங்கிய இந்த ஏற்பாட்டைத்தான் பின்னால் வந்த அச்சு நூல்களும் விடாமல் பற்றிக்கொண்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணலெழுத்தைப் பற்றிய பழைய சான்றுகளில் இரண்டு முக்கியமானவை. சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். உதவி ஆசிரியர் மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியே பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் மணல் தட்டும் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போயின. அடுத்த சான்று, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் கல்விக் கணக்கெடுப்புக்காக பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823-இல் அனுப்பிய அறிக்கை. அவர் கண்டவை கன்னட, தெலுங்குப் பள்ளிகள். முறை என்னவோ ஒன்றுதான். சிக்கனமாக எழுதக் கற்பிப்பதை மெச்சிய அவரே, பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதைக் குறை கூறினார். குறை சரியானதே. ஆனால் எழுத்தைப் படிப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக இருந்ததன் பலனை அவருக்குப் பின் வந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த இரண்டையும் பிரித்தது அச்சு. 1820-இல் சென்னைப் பள்ளி நூல் சங்கம் தோன்றியது. மிஷன் அச்சகங்கள் பாட நூல்களை வெளியிட்டன. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1850-ஐ ஒட்டி வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள் தெளிவான உரைநடையைப் படிப்படியாக அறிமுகம் செய்தன. அவற்றின் நடையழகை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆயினும் அவை வாசிப்பு நூல்கள். பிள்ளை அந்த நடையில் தானே ஒரு பத்தி எழுத வேண்டும் என்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1860-களில் வந்த தேர்வு முடிவு சார்ந்த மானியம் இந்தப் பிரிவை இறுக்கியது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்வு வைப்பார். தேறியவர்களைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம். இத்தகைய தேர்வில் எழுத்து என்பது சொல்வதைப் பிழையின்றி எழுதுவதும் கையெழுத்தும்தான், ஏனென்றால் எண்ணி மதிப்பிட முடிந்தவை அவையே. காப்பி நோட்டும் இரட்டைக்கோடு நோட்டும் தொடக்கப் பள்ளியில் நிலைத்ததற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குப் படவில்லை. ஓலையின் மேல்வரி அச்சில் ஏறிவிட்டது, அவ்வளவே.

1970-இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் நூல்களை ஒரே சீராக்கியது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்த ஆணை னை, லை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கிப் பிள்ளையின் சுமையைக் குறைத்தது. அதுவரை அச்சான மேல்வரிகள் பலவற்றையும் செல்லாக்காசாக்கியது.

பெரிய உடைப்பு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி அனுபவத்தை ஒட்டி உருவான இம்முறை சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. பாடநூலின் இடத்துக்கு அட்டைகள் வந்தன. நெடுங்கணக்கு வரிசையை விட்டு, ட, ப, ம என எளிய வடிவங்களிலிருந்து எழுத்துகள் தொடங்கின. சுவரின் அடியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வரையப்பட்டது. எழுதலாம், அழிக்கலாம், பக்கத்துப் பிள்ளை பார்க்கலாம். மணல் திரும்பி வந்ததுபோல்தான். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் பயிற்சி நூலை மீண்டும் நடுவில் வைத்தது. கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்ட, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துப் பாடம் நடத்துவது அதன் ஏற்பாடு. நிலையறிந்து கற்பிப்பது நல்ல மாற்றம். ஆனால் புள்ளிகளை இணைப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் மேல்வரியின் வாரிசுகளே. பிள்ளை தன் மனத்திலுள்ளதைச் சொந்த வாக்கியத்தில் எழுதும் பயிற்சி, மேல்வகுப்புக் கட்டுரை ஏட்டுக்கென்றே இன்னும் பெரிதும் ஒத்திவைக்கப்படுகிறது.

இந்த வரலாறு முழுவதையும் நூல் எழுதியவர்கள், ஆய்வாளர்கள், ஆட்சியர்கள் பக்கத்திலிருந்தே எழுத நேர்கிறது. மணல் அழிந்தது, நிரப்பிய நோட்டு பழைய காகிதக் கடைக்குப் போனது. ஆண்டு முடிவில் எடைக்குப் போடும் பயிற்சி நூல்களில் ஒரு கட்டையாவது ஒவ்வொரு பள்ளியும் எடுத்துவைக்க வேண்டும். அவற்றைப் பெற்றுக் காக்க மாவட்ட நூலகங்கள் முன்வர வேண்டும்.