தேயிலையின் இரண்டு நூதனசாலைகள்

கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை மலைச்சரிவில், 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று உள்ளது. இயந்திரங்கள் ஓய்ந்து நெடுங்காலம் கிடந்த அக்கட்டிடம் 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அப்போது அதைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். கொழுந்து அரைக்கும் உருளைகள், நீராவி இயந்திரங்கள், ஜேம்ஸ் டெயிலர், தோமஸ் லிப்டன் என யாவற்றையும் விரிவாக விவரித்தேன். ஆனால் அக்கட்டுரையில் ஒரு தொழிலாளியின் பெயர்கூட இடம்பெறவில்லை. அந்தக் குறை அன்று எனக்குத் தோன்றவுமில்லை.

டெயிலரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1852இல் இலங்கைக்கு வந்த அவர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இந்நாட்டின் தேயிலை வர்த்தகம் அந்த 19 ஏக்கரிலிருந்தே வளர்ந்தது. 1892இல் மறைந்த அவரது கல்லறை கண்டி மஹய்யாவையில் இன்றும் பெயரோடு இருக்கின்றது. அந்த 19 ஏக்கரையும் வெட்டித் திருத்திய கைகளுக்குரியோர் எங்கே புதைக்கப்பட்டனர் என்று காட்ட ஒரு கல்லும் இல்லை.

சில ஆண்டுகளின் பின்னர், கம்பளையை அடுத்த பீகொக் தோட்டத்தில் உள்ள மற்றொரு நூதனசாலையைப் பார்க்கச் சென்றேன். சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அது. மாளிகையோ தொழிற்சாலையோ அல்ல. ஒரு பழைய லயன். ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, இறந்துபோன காம்பராவே அங்கு முதற் காட்சிப்பொருள். உள்ளே குனிந்து நுழைந்தபோது, அதன் அளவை உடம்பே உணர்ந்துகொண்டது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, தப்பு, பழைய ஆவணங்கள், தொழிற்சங்கத் தலைவர்களின் படங்கள் எனக் காட்சிகள் எளியவைதாம்.

அங்கு நின்றபோது தகர வில்லைகள் என் நினைவுக்கு வந்தன. மண்டபம் முகாம் வழியாக வந்த தொழிலாளிக்கு, போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு வழங்கப்பட்டது. அந்த எண்ணே அவனை உரிய தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவனது பெயர் அதற்குத் தேவைப்படவில்லை.

எண்களாய் இருந்தோரைப் பெயர்களாக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பத்திரிகையாளர் என்பது எமது தொழிலுக்குப் பெருமை. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் சென்று நிலைமையை அறிந்தார். ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடல்கள் மூலம் தொழிலாளரை எழுப்பினார்.

1940 ஜனவரியில், ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். பின்னர் நடந்த விசாரணையில் அவரது மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். டெயிலரின் லூல்கந்துரவும் அதே மலைப்பகுதியைச் சேர்ந்ததே. டெயிலரைத் தேடி உல்லாசப் பயணிகள் வருகின்றனர். கோவிந்தனைத் தேடிச் செல்வோர் மிகச் சிலர்.

வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, இம்மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதினார். ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்ற பெயரில் அது தமிழுக்கு வந்தது. தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து அவரும், நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போடப்பட்டது. மீண்டும் எண்கள்! நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே விடிவு தந்தது.

இம்மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்த 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடைபெற்றது. மூதாதையர் நடந்த பாதையில் பேரப்பிள்ளைகள் நடந்தனர். ஆயினும் அந்த மூதாதையரின் பெயரை அறிந்தோர் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பர்?

மலையக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பாட்டனின் பழைய கடவுச்சீட்டு, பிரசாவுரிமை விண்ணப்பம், கடிதம் ஏதேனும் கிடக்கக்கூடும். வீடு மாறும்போது அவற்றைக் குப்பையென எரித்துவிடாதீர்கள். பெயரும், பிறந்த ஊரும், வந்துசேர்ந்த தோட்டமும் எழுதப்பட்ட ஒரு கடதாசி இருந்தாலே போதும், அந்த மனிதர் வரலாற்றிலிருந்து தொலைந்துபோகமாட்டார். 2001இல் நான் எழுதத் தவறிய பெயர்கள் அத்தகைய பெட்டிகளிலேதான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.